குறையாத எண்ணெய்

அண்ணிக்கு இடுப்பு வலித்தது. குனிந்தால் ஒரு வலி, நிமிர்ந்தால் வேறொரு வலி. குனிந்தபடியே இருந்தால் ஒரு வலியோடு போகும் என்று பானெட் திறந்த காரின் முன்னால் குனிந்தே நின்றாள். சிமென்ட் கிடங்கில் வருஷக்கணக்கில் மூட்டை தூக்கிய இடுப்பு அது. துப்பறியும் தொழிலுக்கு வந்தபின் மூட்டை இறங்கிவிட்டது. வலி இறங்கவில்லை.

"அண்ணி, பிணத்தைப் பார்த்தாச்சா?" என்றான் கொழுந்தன்.

செத்துப்போன கணவனின் தம்பி. அண்ணன் விட்டுப்போன சொத்தில் அவளுக்குக் கிடைத்தது இவன் ஒருவன்தான். இவன் வாயைக் கேட்டுக் கேட்டு ஊரே அவளை அண்ணி என்றது. அலுவலகப் பலகை எழுத வந்தவனும் பெயர் கேட்காமல் 'அண்ணி துப்பறியும் நிலையம்' என்று எழுதிவிட்டுப் போய்விட்டான்.

பிணம் என்று அவன் சொன்னது இன்ஜினை. இரண்டு வருஷம்கூட ஆகாத டாக்சி. மேம்பாலத்தின் நடுவில் திடீரென்று இறுகி நின்றுவிட்டது. இழுத்து வந்து இந்தப் பட்டறையில் போட்டிருந்தார்கள். இன்ஜினுக்கு அடியில் எண்ணெய் தேங்கும் தட்டை, மெக்கானிக்குகள் சேம்பர் என்பதை, கழற்றி மேசைமேல் வைத்திருந்தார்கள். அதன் அடியில் கறுப்புத் துணுக்குகள். பள்ளிக்கூடப் பையன் நோட்டில் அழித்த ரப்பர்த் தூள் மாதிரி.

"இந்த மாடல்ல டைமிங் பெல்ட் ஆயிலுக்குள்ளேயே ஓடுதுக்கா" என்றான் மெக்கானிக். ஜாக்கி நழுவி விழுந்து நசுங்கிய வலது கட்டைவிரலால் அவனுக்குக் கட்டைவிரல் என்றே பெயர். "பெல்ட்டு ரப்பர். அதுக்கு ஒத்துக்கற ஆயிலைத்தான் ஊத்தணும். ஒத்துக்காததை ஊத்தினா ரப்பர் ஊறி உப்பி உதிர ஆரம்பிச்சுடும். உதிர்ந்தது போய் சல்லடையை அடைக்கும். ஆயில் மேல ஏறாது. அப்புறம் இப்படித்தான்."

"டீயில பன்னு நனைச்ச மாதிரி" என்றான் கொழுந்தன்.

"அதேதான். டம்ளர் அடியில பன்னு தேங்கும்ல."

"நான் தேங்க விடமாட்டேன். விரலை விட்டு எடுத்துடுவேன்."

அண்ணி சிரிக்கவில்லை. விஷயம் சிரிக்கிற மாதிரி இல்லை. பட்டறை முதலாளியிடம் ஒரு நல்ல இன்ஜின் தயாராக இருந்தது. தப்பான எண்ணெயை ஊற்றியது பட்டறை என்றால் அந்த இன்ஜினை டாக்சிக்குப் போட்டுத் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தார். ஸ்டாண்டில் நிற்கிற டாக்சிகள் எல்லாம் இங்கேதான் வருகின்றன. பேர் கெட்டால் பிழைப்பு கெடும். ஆனால் ஊற்றியது வெளியாள் என்றால் டிரைவர் தலையில் துண்டுதான். அதே இன்ஜினுக்கு வேறொருவர் காத்திருந்தார். சாயங்காலத்துக்குள் முடிவு தெரியவேண்டும்.

டிரைவர் மனைவிதான் அண்ணியைத் தேடி வந்தவள். "எங்க வீட்டுக்காரர் மேல தப்பில்லைன்னு நிரூபிச்சுக் குடுங்கக்கா. கார் போச்சுன்னா மனுஷன் உட்கார்ந்துடுவாரு" என்றாள். ஏதோ கம்பெனியில் கூட்டித் துடைக்கிற வேலை, லீவு கிடைக்காது என்று வந்த வேகத்தில் போனாள்.

டிரைவர் மேல் தப்பில்லை என்றால் கட்டைவிரல் மேல் தப்பு. ரெண்டு பேரும் ஒரே தராசில் ஆளுக்கொரு தட்டில் நின்றார்கள். எந்தத் தட்டு இறங்கினாலும் இறங்குவது ஒரு வீட்டு அடுப்பு.

சுவரோரம் இரண்டு டிரம்கள். ஒன்றுக்குச் சிவப்புக் குழாய், மற்றதற்குப் பச்சைக் குழாய்.

"ரெண்டுலயும் ஒரே நம்பர் போட்டிருக்கே?" என்றாள் அண்ணி.

"அஞ்சு டபிள்யூ முப்பது. அது ஆயிலோட கெட்டிக்கு உண்டான நம்பர்க்கா. குளிர்ல எவ்வளவு இளகும், சூட்டுல எவ்வளவு தாங்கும், அவ்வளவுதான் சொல்லும். உள்ள என்ன மருந்து கலந்திருக்குன்னு நம்பர் சொல்லாது. சிவப்பு இந்த பெல்ட் வண்டிக்கு. பச்சை டீசல் வண்டிக்கு."

"ரெண்டு பேருக்கும் ஒரே உயரம். அதுக்காக ரெண்டு பேரும் மாப்பிள்ளையா?" என்றான் கொழுந்தன்.

"சும்மா இரு தம்பி." அண்ணி கட்டைவிரலின் பக்கம் திரும்பினாள். "போன சர்வீசுல இந்த வண்டிக்கு எந்தக் குழாயைத் திறந்தே?"

"சிவப்பு."

"நல்லா ஞாபகம் இருக்கா?"

"இந்த மாடலுக்கு எப்பவும் சிவப்புதான்க்கா."

"எப்பவும்னு நான் கேக்கல. அன்னைக்கு."

"சிவப்புதான்."

"அன்னைக்கு மத்தியானம் என்ன சாப்பிட்டே?"

கட்டைவிரல் விழித்தான். "அதெப்படிக்கா ஞாபகம் இருக்கும்?"

"இந்த வண்டிக்கு முன்னாடி என்ன வண்டி பார்த்தே?"

"ஒரு நாளைக்கு எத்தனையோ வண்டி வருது..."

"இந்த வண்டி ரேம்ப்புல ஏறினதாவது ஞாபகம் இருக்கா?"

அவன் யோசித்தான். பொய் சொல்லத் தெரியாதவன். "இல்லக்கா."

"சாப்பாடு ஞாபகம் இல்ல. வண்டி ஞாபகம் இல்ல. குழாய் மட்டும் ஞாபகம் இருக்கு."

கொழுந்தன் மெதுவாகச் சீட்டி அடித்தான். அண்ணியின் கேள்விகள் இப்படித்தான் வரும், ஊசி போடுகிற மாதிரி; குத்தி எடுத்த பிறகுதான் வலிக்கும். அவளுக்கே அதில் கொஞ்சம் பெருமை உண்டு. கட்டைவிரல் தன் வலது கையைப் பார்த்தான். பிறகு குழாய்களைப் பார்த்தான். மறுபடி கையைப் பார்த்தான்.

அண்ணி அதற்குள் வேறு யோசனைக்குப் போய்விட்டாள். "சேம்பரைக் கழட்டறதுக்கு முன்னாடி ஆயிலை வடிச்சீங்களே, எவ்வளவு வந்துச்சு?"

"முழுசா வந்துச்சு. கோடு வரைக்கும் இருந்துச்சு."

"இந்த மாடல் ஆயில் குடிக்குமா?"

"நல்லாக் குடிக்கும். ஸ்டாண்ட்லேர்ந்து வர்றது ஒவ்வொண்ணும் சர்வீசுக்கு வர்றப்போ பாதிதான் இருக்கும்."

"இது மட்டும் குடியை விட்டுடுச்சா?" என்றான் கொழுந்தன்.

"அதைத்தான் நானும் கேக்கறேன்" என்றாள் அண்ணி. "குறைஞ்சிருந்தா சந்தேகம் இல்ல. குறையவே இல்லையே. குறையக் குறைய யாரோ ஊத்தியிருக்காங்க."

பானெட்டுக்குள் மறுபடி தலையை நீட்டினாள். இன்ஜின் முழுக்கப் புழுதியும் பிசுக்கும். எண்ணெய் ஊற்றுகிற வாயைச் சுற்றி மட்டும் முகம் பார்க்கலாம் போலப் பளபளவென்று இருந்தது.

"நீங்க துடைச்சீங்களா?"

"துடைக்கறதா?" கட்டைவிரலுக்கு முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது. "சிந்தினா சிந்தினதுதான். துடைச்சுட்டு நின்னா அடுத்த வண்டியை யார் பாக்கறது?"

"அப்போ ஊத்தினது மெக்கானிக் இல்ல. ஒரு சொட்டு சிந்தினாலும் கை தன்னால துணியைத் தேடற ஆளு." அண்ணி மூடியைத் திருகி எடுத்தாள். அதன் பள்ளத்தில் ஒரு நூல் சிக்கியிருந்தது. நீல நூல், முறுக்கு கெட்டி. பட்டறையில் துடைக்கப் போட்டிருந்ததெல்லாம் கிழிந்த வெள்ளை பனியன்.

கொழுந்தன் நூலை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தான். "இது பார்சல் வேன் டிப்போ துணி அண்ணி. ஆளுக்கு ஒண்ணு குடுப்பாங்க. துவைச்சா சாயம் போகாது, நம்ம கைதான் நீலமாகும்."

"உனக்கெப்படித் தெரியும்?"

"அங்க வேலை பார்த்திருக்கேன்ல."

"எத்தனை நாள்?"

"சுவரை இடிக்கிற வரைக்கும். ரிவர்ஸ் எடுத்தேன். அது வழி விடல."

அவன் வேலை பார்க்காத இடம் அந்த ஊரில் இல்லை. நிலைத்த இடம்தான் இல்லை. துப்பறிவதற்கு அதைவிட நல்ல படிப்பு கிடையாது என்பது அவன் கட்சி.

பட்டறை வாசலில் டிரைவர் நின்றிருந்தான். ஓடாத காரின் சாவியை விரலில் மாட்டிச் சுற்றிக்கொண்டே இருந்தான். கண்கள் உள்ளே போயிருந்தன. அண்ணியைப் பார்த்ததும் சுற்றுவதை நிறுத்தினான்.

"எப்பவாவது ஆயில் ஊத்தினீங்களா?"

"பானெட்டைத் திறந்ததே இல்ல அண்ணி. திறந்தா ஏதாவது கெட்டுடும்னு பயம்."

"ஆயில் குறைஞ்சா விளக்கு எரியுமே?"

"ஒரே ஒரு தடவை எரிஞ்சுச்சு. ரொம்ப பயந்துட்டேன். பயத்துல ரெண்டு நாள் வண்டியை எடுக்கவே இல்ல. மூணாம் நாள் எடுத்தப்போ எரியல. அப்புறம் எரியவே இல்ல. தன்னால சரியாயிடுச்சு."

"தன்னால சரியாகறது ஜலதோஷம்தான். எரிஞ்சதை யார்கிட்ட சொன்னீங்க?"

"யார்கிட்ட சொல்லல? ஸ்டாண்டுல சொன்னேன், டீக்கடையில சொன்னேன், வீட்டுல சொன்னேன். பகல்ல தூங்கி ராத்திரி ஓட்டறவன் நான். யாராவது பேசக் கிடைச்சா எல்லாத்தையும் கொட்டிடுவேன்."

அண்ணி தெருவில் இறங்கினாள். பின்னாலேயே கட்டைவிரல் ஓடி வந்தான். கையில் துணி இல்லாததால் சட்டையிலேயே கையைத் துடைத்துக்கொண்டான்.

"அக்கா, அப்போ நான் ஊத்தலையா?"

அண்ணி திரும்பவில்லை. திரும்பினால் இடுப்பு வலிக்கும். "வந்து சொல்றேன்" என்றாள்.

பார்சல் வேன் டிப்போ ஊரின் விளிம்பில், தகரக் கூரைக்குக் கீழே இருந்தது. வெயில் தகரத்தில் அடித்துக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. வேன்கள் வரிசையாக வாயைப் பிளந்து பெட்டிகளை விழுங்கின. பெட்டி ஏற்றுகிறவர்களைப் பார்த்ததும் அண்ணி தன்னையறியாமல் முதுகை நிமிர்த்தினாள். எந்த உடம்பு எந்த வயதில் எங்கே விட்டுப்போகும் என்று அவளால் ஆளுக்கு ஆள் சொல்ல முடியும்.

பின்பக்கம் எண்ணெய்க் கிடங்கு. ஸ்டோர்காரர் கொழுந்தனைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"சுவரைத் தள்ளின ஆளுதானே நீ?"

"சுவர்தான் சார் முதல்ல கை வெச்சுச்சு."

"இந்தப் பக்கம் எதுக்கு வந்தே? இன்னும் மூணு சுவர் இருக்குன்னா?"

அண்ணி குறுக்கே வந்தாள். "இங்கேர்ந்து ஆயில் வெளியே போகுமாங்க?"

"ஒரு சொட்டு போகாது" என்றார் அவர். "டப்பா காலியான உடனே ஸ்க்ரூ டிரைவரால அடியில ஒரு குத்து. இல்லேன்னா பழைய டப்பாவுல கண்டதை ஊத்தி விக்கறான். எங்க டப்பாவுல பச்சைத் தண்ணியைக்கூட நிரப்ப முடியாது."

உண்மைதான். மூலையில் குவிந்திருந்த டப்பாக்கள் எல்லாவற்றுக்கும் அடியில் ஓட்டை. கொழுந்தன் உதட்டைப் பிதுக்கினான். வந்த பாதை முடிந்துவிட்டது என்று அர்த்தம்.

அண்ணி டப்பாக்களைப் பார்க்கவில்லை. டப்பாக்களுக்கு அப்பால், சுவரோரம் பார்த்தாள். அங்கே ஒரு பிளாஸ்டிக் குழாயை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, ஓடை மாதிரி சாய்வாகக் கட்டியிருந்தது. அதன்மேல் குத்துப்பட்ட டப்பாக்கள் வரிசையாகத் தலைகீழாகத் தொங்கின. ஒவ்வொன்றின் வாயிலிருந்தும் பொன்னிறத்தில் ஒரு சொட்டு, எப்போது விழுவது என்று யோசித்துக்கொண்டிருந்தது. ஓடையின் கோடியில் ஒரு கண்ணாடிப் பாட்டில். ஓடை முழுவதும் கழுவிவிட்ட மாதிரி சுத்தம்.

"இது யார் வேலை?"

"ஓ, அதா? எங்க துடைக்கிற அம்மா செஞ்சது. டப்பா காலின்னு நாம தூக்கிப் போடறோம்ல, உள்ள ஒட்டிக்கிட்டு இன்னும் கொஞ்சம் இருக்கும். கவுத்து வெச்சாத் தானா இறங்கும். வீணாப் போகுதே சாரேன்னாங்க. நல்ல மனுஷி, எடுத்துக்கோன்னு விட்டுட்டேன். திருட்டு இல்லீங்க, குப்பைக்குப் போறதுதான்."

"எடுத்துட்டுப் போய் என்ன பண்றாங்க?"

"கதவுக் கீலுக்குப் போடறாங்களாம். கிறீச்சுன்னு சத்தம் வருதாம்."

கொழுந்தன் பாட்டிலைத் தூக்கிப் பார்த்தான். முக்கால்வாசி நிறைந்திருந்தது. "இவ்வளவுக்கும் கதவா? வீடா, அரண்மனையா?"

ஸ்டோர்காரருக்கும் அப்போதுதான் உறைத்தது. "ஒத்தை அறைன்னுதான் சொன்னாங்க" என்றார் மெதுவாக.

பின்னால் வாளி வைக்கிற சத்தம் கேட்டது. அண்ணி திரும்பினாள். தோளில் நீலத் துணியோடு டிரைவர் மனைவி நின்றுகொண்டிருந்தாள். அண்ணியைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது.

"அக்கா! நான் இங்கேதான் வேலை பாக்கறேன்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க? கட்டைவிரல்தான்னு தெரிஞ்சுபோச்சா?"

கிணறு வெட்டப் போனவர்கள் பூதத்தின் எதிரில் நின்றார்கள். பூதம் சிரித்துக்கொண்டிருந்தது.

"இந்தப் பாட்டில் ஆயிலை என்னம்மா பண்றே?" என்றாள் அண்ணி.

அவள் ஸ்டோர்காரரைப் பார்த்தாள். அவர் கணக்கைப் பார்க்கிற பாவனையில் வேன்கள் பக்கம் போய்விட்டார். அவள் குரலை இறக்கினாள்.

"கார்ல ஊத்தறேன்க்கா. அவருக்குத் தெரியாது. ஒரு நாள் விளக்கு எரிஞ்சுதுன்னு வந்து சொன்னாரு. அன்னைக்கு மனுஷன் தூங்கல, சோத்துத் தட்டை அப்படியே வெச்சுட்டாரு. ஆயில் வாங்கக் கையில ஒண்ணும் இல்ல. இங்கே சொட்டுச் சொட்டாக் குப்பைக்குப் போயிட்டிருந்துச்சு. அவர் பகல்ல தூங்கறப்போ சாவியை எடுத்துட்டுப் போய் ஊத்திட்டு வேலைக்கு வந்துடுவேன். அப்புறம் விளக்கு எரியவே இல்ல. அவரும் நிம்மதியாத் தூங்கினாரு."

"எதைப் பார்த்து ஊத்தினே?"

"நம்பர் பார்த்துதான்க்கா!" அவளுக்கு லேசாகக் கோபம்கூட வந்தது. "கண்டதை ஊத்துவேனா? கார் மூடியில அஞ்சு டபிள்யூ முப்பதுன்னு போட்டிருக்கு. இந்த டப்பாவுலயும் அதே அஞ்சு டபிள்யூ முப்பது. ஒரு தடவைக்கு ரெண்டு தடவை ஒத்துப் பார்த்தேன்."

அண்ணி தொங்கிக்கொண்டிருந்த ஒரு டப்பாவை எடுத்தாள். நம்பர் இருந்த பக்கத்தை அவளிடம் காட்டிவிட்டு மெதுவாகத் திருப்பினாள். பின்பக்கம் பொடி எழுத்து. எழுத்துக்கு மேலே ஒரு வேன் படம், ஒரு லாரிப் படம்.

"நம்பர் கெட்டிக்கு மட்டும்தாம்மா. இது டீசல் வண்டி ஆயில். இதுல இருக்கற மருந்து உங்க கார் பெல்ட்டுக்கு ஆகாது. நீ கொஞ்சம் கொஞ்சமா ஊத்த ஊத்த, உள்ளே இருந்ததெல்லாம் இதுவாவே மாறியிருக்கும்."

அவள் படத்தைப் பார்த்தாள். பிறகு தலைகீழாகத் தொங்கிய டப்பாக்களைப் பார்த்தாள். ஒரு சொட்டு விழுந்தது. தோளிலிருந்த துணியை எடுத்து, எங்கே துடைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

"நானா?" என்றாள்.

அவள் போன் அடித்தது. எடுத்தாள். டிரைவரின் குரல் டிப்போ முழுக்கக் கேட்டது.

"ஏய்! இன்ஜின் போட்டுத் தர்றாங்களாம்டி! கட்டைவிரல் ஒத்துக்கிட்டான். பச்சைக் குழாயைத் திறந்திருப்பேன் போல, ஞாபகம் இல்லன்னு ஸ்டாண்டுக்காரங்க எல்லார் முன்னாடியும் அவனே போய் முதலாளிகிட்ட சொல்லிட்டான். இறக்கி வெச்சாச்சு, நாளைக்கே மாட்டறாங்க. நீ வர்றப்போ எதாவது இனிப்பு வாங்கிட்டு வா. கேக்குதா? ஏய்!"

"கேக்குது" என்றாள். போனை அணைத்தாள்.

கொழுந்தன் அண்ணியைப் பார்த்தான். "அவன் எதுக்கு ஒத்துக்கிட்டான்?"

"நான் கேட்டேன்ல, என்ன சாப்பிட்டேன்னு." அண்ணி டப்பாவை இருந்த இடத்தில் தொங்கவிட்டாள். "நாளெல்லாம் உழைக்கிறவனுக்கு எந்த நாள் எதுன்னு ஞாபகம் இருக்காது. எனக்கு மட்டும் எந்த மூட்டை எந்த லாரியில ஏத்தினேன்னு தெரியுமா? அது தெரிஞ்சேதான் கேட்டேன். அவன் பாவம், உட்கார்ந்து யோசிச்சிருக்கான்."

டிரைவர் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அழுகை நின்ற இடத்தில் வேறொன்று வந்திருந்தது. "அக்கா, நீங்க இங்கே வரலைன்னு வெச்சுக்கலாமா?"

"வெச்சுக்கலாம்."

"கட்டைவிரலுக்கு வேற பட்டறை கிடைக்கும்ல?"

"ஆயில் மாத்தி ஊத்தினவன்னு பேர் வாங்கினவனுக்கா?"

"எங்களுக்குக் கார் போச்சுன்னா ஒண்ணுமே இல்லக்கா. நீங்கதானே எங்களுக்காக வந்தீங்க?"

"உனக்காகத்தான் வந்தேன். கண்டுபிடிக்கறது என் வேலை, கண்டுபிடிச்சுட்டேன். நான் போய் உன்னைக் காட்டிக்குடுக்க மாட்டேன். நீயா சொன்னா சொல்லு." அண்ணிக்கு நிற்க முடியவில்லை. அருகிலிருந்த பெட்டிமேல் உட்கார்ந்தாள். "ஆனா ஒண்ணு. நாளைக்கு அந்த இன்ஜினை மாட்டினப்புறம் உன் வீட்டுக்காரர் உன்னை உட்காரவெச்சு ஊர் சுத்துவாரு. நீ ஏறி உட்காருவியா?"

அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு போனாள். போய்விட்டாள் என்றுதான் ரெண்டு பேரும் நினைத்தார்கள். வாளியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, துணியைப் பிழிந்து கொடியில் போட்டுவிட்டுத் திரும்பி வந்தாள்.

"வாங்கக்கா" என்றாள்.

பட்டறையில் இன்ஜின் ஒரு சாக்கின்மேல் உட்கார்ந்திருந்தது. டிரைவர் அதன் பக்கத்தில், பெண் பார்க்க வந்தவன் மாதிரி நெளிந்துகொண்டு நின்றிருந்தான். மனைவியைக் கண்டதும், "இனிப்பு எங்கேடி?" என்றான்.

அவள் நேராக முதலாளியிடம் போனாள். "ஆயில் ஊத்தினது நான்தாங்க" என்றாள். எங்கே கிடைத்தது, எப்படி வடித்தாள், எதைப் பார்த்து ஊற்றினாள், எல்லாவற்றையும் சொன்னாள். நம்பரை ஒத்துப் பார்த்ததை மட்டும் ரெண்டு தடவை சொன்னாள்.

முதலாளி கெட்ட மனிதரில்லை. "நீயா வந்து சொன்னே பாரு, அதுக்கு உனக்குக் கையெடுத்துக் கும்பிடணும்மா. ஆனா இன்ஜின் தர முடியாது. எங்க ஆளு தப்புன்னாத்தான் தர்றேன்னேன்." உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். "அதை எடுத்து உள்ள வைங்கப்பா. அந்தப் பழைய பார்ட்டிக்கே போன் பண்ணுங்க."

இரண்டு பேர் வந்து இன்ஜினைத் தூக்கினார்கள். டிரைவர் விலகி வழி விட்டான்.

"ஏன்டி என்கிட்ட சொல்லல?"

"சொன்னா வேணாம்னு சொல்லியிருப்பீங்க."

அவன் யோசித்துப் பார்த்தான். "எங்கே சொல்லியிருக்கப் போறேன்? நானும் ஊத்தியிருப்பேன். நம்பர் சரியாத்தானே இருந்துச்சு." சாவியைச் சட்டைப் பையில் போட்டான். போட்ட கையை வெளியே எடுக்கவில்லை.

"கட்டைவிரல் எங்கே?" என்று கேட்டாள் அண்ணி.

"கணக்கு முடிச்சு அனுப்பிட்டேன்" என்றார் முதலாளி. "இப்பத்தான் டூல்ஸ் பெட்டியைத் தூக்கிட்டுப் போறான்."

"அவன் ஊத்தலைன்னு ஆயிடுச்சே. கூப்பிடுங்க."

முதலாளி தலையை ஆட்டினார். "ஊத்தலை, சரி. ஆனா தான் என்ன ஊத்தினேன்னு தனக்கே தெரியலைன்னு அத்தனை டாக்சிக்காரன் முன்னாடியும் சொல்லிட்டானேம்மா. எனக்கு அவன்மேல கோபம் இல்ல. நாளைக்கு எவன் அவன்கிட்ட வண்டியை விடுவான், சொல்லுங்க? ஸ்டாண்ட் பூரா இதே பேச்சுத்தான்."

அண்ணி ஓடினாள். ஓட்டம் என்று சொல்ல முடியாது. ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, கொழுந்தன் தோளில் மறுகையைப் போட்டுக்கொண்டு இழுத்து இழுத்துப் போனாள். பஸ் நிறுத்தத்தில் கட்டைவிரல் பெட்டியைக் காலடியில் வைத்துக்கொண்டு நின்றான்.

"நீ ஊத்தலப்பா" என்றாள் மூச்சிரைக்க. "அந்தப் பொண்ணு வெளியேர்ந்து கொண்டுவந்து ஊத்தியிருக்கா. அவளே வந்து சொல்லிட்டா. நீ சிவப்புதான் திறந்திருக்கே."

"அப்படியா" என்றான் அவன். சந்தோஷமும் இல்லை, கோபமும் இல்லை. "நல்லதுக்கா. ஆனா எனக்கு அது ஞாபகம் இல்லையே. நீங்க கேட்டப்புறம் ஒவ்வொரு வண்டியா நெனச்சுப் பார்த்தேன். ஒண்ணும் ஞாபகம் இல்ல. போன வாரம் ஒருத்தருக்கு பிரேக் பார்த்தேன். அந்த நட்டை முறுக்கினேனா இல்லையான்னுகூடத் தெரியல."

"முறுக்கியிருப்பே. கை முறுக்கியிருக்கும்."

"காலைல கேட்டேனேக்கா, நான் ஊத்தலையான்னு."

"கேட்டே."

"வந்து சொல்றேன்னீங்க."

பஸ் வந்தது. பெட்டியைத் தூக்க அவன் குனிந்தபோது கொழுந்தன் ஒரு பக்கம் பிடித்தான். வேண்டாம் என்று சொல்லாமலேயே கட்டைவிரல் பெட்டியைத் தன் பக்கம் இழுத்து, தனியாகத் தூக்கி வைத்து ஏறினான். உட்கார இடமில்லை. பெட்டியைக் கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு கம்பியைப் பிடித்தான். பஸ் போனது.

"ஏதாவது சொல்லேன் தம்பி" என்றாள் அண்ணி.

"என்ன அண்ணி சொல்றது? நாம கேஸை ஜெயிச்சுட்டோம்."

டிரைவருக்கு இன்ஜின் இல்லாமல் போனதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது. நம்பர் பார்த்து ஊற்றியவளையும் சொல்ல முடியாது. கட்டைவிரல் விஷயம் அப்படி இல்லை. எண்ணெய் குறையவில்லை என்று தெரிந்த நிமிஷமே 'உன்மேல சந்தேகம் இல்ல' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அண்ணி சொல்லவில்லை. அந்த ஒரு வார்த்தைக்கு ஈடாக அவனுக்கு ஒரு வேலை வாங்கித் தருவதற்கு அவள் கடன்பட்டிருக்கிறாள். அன்றிலிருந்து எத்தனையோ பட்டறை ஏறி இறங்கிவிட்டாள். கடன் இன்னும் தீரவில்லை.